சென்னைக்கு எது கிட்ட: மதுரையா, யாழ்ப்பாணமா?

உங்கள் கேள்வி மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு தூரக் கணக்குதான். கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர், "சென்னையிலிருந்து உங்கள் மதுரையைவிட எங்கள் ஊர் கிட்ட" என்று சொல்லியிருக்கிறார். இலங்கை கன்னியாகுமரிக்குக் கீழே இருக்கும்போது அது எப்படி என்று உங்களுக்குச் சந்தேகம். கூகுள் மேப்ஸில் வழி கேட்டால் எதுவும் வரவில்லை. ஆனால் கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: வரைபடத்தைப் பார்த்த பிறகும் நம்ப முடியவில்லை, மேப்பில் ஏதாவது கோளாறா? நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் புவியியல் நடத்தியவன் நான். மாணவர்கள், ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள் என்று எல்லோரிடமும் இந்த நம்பமுடியாமையைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தூரம். உங்கள் நண்பர் சொன்னது சரி. நேர்கோட்டில் அளந்தால் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 420. கோயம்புத்தூரும் 425-ஐ ஒட்டித்தான் வரும். நகரத்தின் எந்த இடத்திலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சில கிலோமீட்டர் கூடலாம், குறையலாம். ஆனால் எந்த இடத்தை எடுத்தாலும் வரிசை மாறாது. இதற்கு யாரையும் நம்பவும் வேண்டாம், நீங்களே கணக்குப் போடலாம். ஒரு பாகை (டிகிரி) அட்சம், அதாவது வடக்கு-தெற்காக ஒரு பாகை நகர்வது, ஏறத்தாழ 111 கிலோமீட்டர். சென்னை 13.08 பாகை வடக்கில் இருக்கிறது, யாழ்ப்பாணம் 9.66-ல். வித்தியாசம் 3.42. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கக்கோட்டில், அதாவது ஒரே வடக்கு-தெற்குக் கோட்டில், இருப்பதால் 111-ஆல் பெருக்கினால் போதும், 380 வந்துவிடும். மதுரைக்கு அப்படி முடியாது. அது சென்னைக்குத் தெற்கே 350 கிலோமீட்டர், அதோடு மேற்கே 235 கிலோமீட்டர். பத்தாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள், 420 வரும்.

அந்த "மேற்கே 235" என்பதைத்தான் நாம் எல்லோரும் மறந்துவிடுகிறோம். வெற்றுத்தாளைக் கொடுத்துத் தமிழ்நாட்டை வரையச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் சென்னையிலிருந்து கிழக்குக் கரையை மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுப்பார்கள். அடியில் கன்னியாகுமரியை வைப்பார்கள். அதற்கும் கீழே ஒரு சொட்டு மாதிரி இலங்கை. உண்மையில் கரை அப்படி இறங்குவதில்லை. கோடியக்கரை வரை ஓரளவு தெற்கே வந்துவிட்டு, அங்கிருந்து மேற்காகவும் தென்மேற்காகவும் விலகிக்கொண்டே போகிறது. சென்னையின் தீர்க்கக்கோடு 80.27 பாகை கிழக்கு, கன்னியாகுமரியுடையது 77.55. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் மேற்கே தள்ளி இருக்கிறது குமரி. அதற்கு நேர் வடக்கே சென்னை இல்லை, பெங்களூரு இருக்கிறது (77.59). இன்னும் மேலே போனால் டெல்லி (77.2). குமரிக்கு நேர் தெற்கே போனால் இலங்கையே வராது. 77.5-ஐ ஒட்டி பிரான்சுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் என்ற சின்னத் தீவும் அதன் பக்கத்துத் தீவும் தெற்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கின்றன. அதற்கப்புறம் அண்டார்டிகாதான். 2012-ல் செயல்படத் தொடங்கிய நம்முடைய பாரதி ஆய்வு நிலையம் அந்தக் கரையில் 76.2 பாகையில் இருக்கிறது என்பது மாணவர்களுக்கு எப்போதும் பிடித்த தகவல்.

சரி, சென்னைக்கு நேர் தெற்கே என்ன இருக்கிறது? மெரினாவிலிருந்து ஒரு படகு திசை மாறாமல் தெற்கே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் வலப்பக்கம் தள்ளியே இருக்கும். படகு முதலில் கரை தட்டும் இடம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமுனையில் உள்ள பருத்தித்துறை. அதே கோட்டைத் தரையில் நீட்டினால் தீவை முழுக்கக் கடந்து தென்கரையில் உள்ள காலி (Galle) நகரத்துக்குப் பக்கத்தில் மறுபடி கடலில் இறங்கும். அதாவது சென்னைக்கு நேர் தெற்கே இருக்கும் நிலம் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்கள் அல்ல, இலங்கை.

"இலங்கை குமரிக்குக் கீழே" என்ற எண்ணத்தையும் இதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம். இலங்கையின் வட முனை 9.83 பாகை, குமரி 8.08. குமரியிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது புத்தளம், ஹபரணை பக்கம் போகும். மன்னார், அனுராதபுரம், வவுனியா, திருகோணமலை, முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வடக்கே. தீவின் நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் குமரியைவிட வடக்கில் இருக்கிறது. யாழ்ப்பாணமும் நம்ம விருதுநகரும் ஏறத்தாழ ஒரே அட்சத்தில் உள்ளவை. திருநெல்வேலி அதற்கு நன்றாகத் தெற்கே. ராமேஸ்வரம்கூட யாழ்ப்பாணத்துக்குத் தெற்கேதான். நாகப்பட்டினத்தில் நின்றால் திருச்சியும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தூரம், 125 கிலோமீட்டர் அளவில். திருச்சிக்காரர்களுக்கோ சென்னையைவிட யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டர் கிட்ட. (குமரி இந்தியாவின் தென்கோடி என்பதும் பாதிதான் சரி. நிலப்பரப்பின் தென்கோடி அது. நாட்டின் தென்கோடி பெரிய நிக்கோபாரில் உள்ள இந்திரா முனை, 6.75 பாகை. அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ராவை ஒட்டிய ரோண்டோ தீவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான்.)

அடுத்து, மேப் மீதான உங்கள் சந்தேகம். இணைய வரைபடங்கள் உருவத்தைத் திரிக்கும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பது உண்மை. கூகுள் மேப்ஸைத் தட்டையாகப் பார்க்கும்போது அது மெர்க்கேட்டர் முறையில் இருக்கும். அதில் நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக எல்லாம் பெரிதாகத் தெரியும். 60 பாகையில் நீளம் இரண்டு மடங்காகிவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது இதனால்தான், உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினான்கு மடங்கு பெரியது. ஆனால் நம் பகுதியில் இந்தத் திரிபு மிகக் குறைவு. குமரியில் ஒரு சதவீதம், சென்னையில் இரண்டரை சதவீதம், அவ்வளவே. திசைகளை மெர்க்கேட்டர் முறை கெடுப்பதும் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் மேப்பைக் குற்றம் சொல்ல முடியாது. வழி வராததற்குக் காரணம் வேறு. அந்தச் செயலி சாலையையும் பொதுப் போக்குவரத்தையும் வைத்து வழி சொல்வது. நடுவே கடல் இருந்து, காரை ஏற்றிப்போகும் படகும் இல்லையென்றால் அது கைவிரித்துவிடும். கணினியில் திறந்து, ஓர் இடத்தில் மௌஸின் வலப் பொத்தானை அழுத்தினால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதில் அளந்து பாருங்கள்.

அப்படியானால் மனம் ஏன் ஏற்க மறுக்கிறது? இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது உளவியல், என் துறை புவியியல். 1978-ல் ஸ்டீவன்ஸ், கூப் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சான் டியேகோ, ரீனோ போன்ற ஊர்கள் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் என்று கேட்டார்கள். சான் டியேகோ கலிபோர்னியாவில், ரீனோ நெவாடாவில். நெவாடா கலிபோர்னியாவுக்குக் கிழக்கே என்பதால் ரீனோவும் கிழக்கே இருக்கும் என்றுதான் பெரும்பாலும் விடை வந்தது. உண்மையில் ரீனோ மேற்கே இருக்கிறது. ஊரைத் தனியாக நினைவில் வைக்காமல், அது எந்த மாநிலம், அந்த மாநிலம் எந்தப் பக்கம் என்று இரண்டு படியாக யோசிக்கிறோம் என்பது அவர்கள் முடிவு. 1981-ல் பார்பரா ட்வெர்ஸ்கி இன்னொன்றைக் காட்டினார். வளைந்தும் சாய்ந்தும் கிடப்பதை நினைவு நிமிர்த்தி வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிறது. தென் அமெரிக்கா வட அமெரிக்காவுக்கு நேர் கீழே இருப்பதாகப் பலரும் நினைப்பது அதனால்தான். மேற்குக் கரையில் இருக்கும் லிமா நகரம்கூட, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள மயாமிக்குக் கிழக்கே இருக்கிறது.

நம்முடைய தவறும் இதே இரண்டு வகையில் அடங்குகிறது என்று நினைக்கிறேன். இலங்கை இந்தியாவுக்குத் தெற்கே, யாழ்ப்பாணம் இலங்கையில், அதனால் யாழ்ப்பாணம் இந்தியாவுக்குத் தெற்கே என்பது ஒன்று. சாய்ந்த கிழக்குக் கரையை நிமிர்த்திவிடுவது இன்னொன்று. அமெரிக்க மாணவர்களிடம் கண்டது நம்மிடமும் அப்படியே நடக்கிறது என்பது வகுப்பறையைப் பார்த்து நான் சொல்வதே தவிர, அளந்து நிறுவியது அல்ல. ஆனால் இந்தப் பிழை ஆளுக்கு ஆள் வேறு வேறு பக்கம் போவதில்லை, எல்லோரிடமும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. இலங்கையைத் தவறுதலாக வடக்கே ஏற்றி வரைந்த மாணவரை நான் பார்த்ததே இல்லை. கவனக்குறைவாக இருந்தால் இப்படி ஒரே திசையில் போகாது. அதோடு, பல தமிழ்நாட்டு வரைபடங்களில் பாக் நீரிணைக்கு அப்பால் வெறும் நீல நிறமாகவோ வெள்ளையாகவோ விட்டுவிடுகிறார்கள். அங்கே நிலம் இருக்கிறது என்பதைக் கண் பார்க்காமலே ஒரு தலைமுறை படித்து முடித்துவிடுகிறது.

நம் தாத்தாக்களுக்கு இந்தக் குழப்பம் இவ்வளவு இருந்திருக்காது என்று நம்புகிறேன். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து எழும்பூரில் ரயில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று ஒரே பயணமாகப் போய் வந்தார்கள். போட் மெயில் என்று அதற்குப் பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே புயல் முதலில் வவுனியா பக்கம் இலங்கையைக் கடந்துதான் இங்கே வந்தது. ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்ததும் 1980-களின் தொடக்கத்தில் நின்று போனது. அப்புறம் போர். பிறகு ஒரு முழுத் தலைமுறைக்கு யாழ்ப்பாணம் என்றால் செய்தியில் வரும் ஊர், கொழும்பு வழியாகச் சுற்றிப் போக வேண்டிய ஊர். 2019-ல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் விட்டார்கள், இடையில் நின்று 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள், கடல்வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர். போக்குவரத்து உள்ள இடத்தைக் கிட்ட என்றும் இல்லாத இடத்தைத் தூரம் என்றும் மனம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கும் 380 கிலோமீட்டர், ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் இறங்கும் 420-ஐவிட வாழ்க்கையில் தூரம்தான். அந்த உணர்வைத் திசைக்கும் நிலத்துக்கும் ஏற்றிவிடும்போதுதான் சிக்கல்.

சிக்கல் என்று நான் சொல்வது பரீட்சை மார்க்கை அல்ல. மீனவர் கைது பற்றிய செய்தி வரும்போதெல்லாம், "இவர்கள் ஏன் அவ்வளவு தூரம் இலங்கை வரைக்கும் போகிறார்கள்?" என்று படித்தவர்களே கேட்பதைக் கேட்டிருக்கிறேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு நாடு வழக்கமாகக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் வரை தன் கடல் என்று உரிமை கொள்ளும். இங்கே இரண்டு பக்கமும் அப்படி எடுத்துக்கொள்ள இடமே இல்லை. அதனால் 1974 ஒப்பந்தத்தில் நடுவே ஒரு கோடு போட்டார்கள். ராமேஸ்வரத்து விசைப்படகு அந்தக் கோட்டைத் தொட அதிக நேரம் ஆகாது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். இலங்கையின் வடமாகாணத்து மீனவர்களின் வலைகள் அறுபடுவதும், கடலின் அடித்தளத்தை இழுவைமடி வலை வாரிக்கொண்டு போவதும் அந்த விவாதத்தில் கட்டாயம் சேர வேண்டும். ஆனால் அந்தக் கடல் எவ்வளவு குறுகியது என்று தெரியாமல் அதைப் பேசவே முடியாது.

நிலமும் மழையும் இதே கதைதான். இலங்கை என்றாலே பச்சை, தேயிலை, ஓயாத மழை என்று நினைக்கிறோம். அது தென்மேற்குப் பகுதிக்கும் மலைநாட்டுக்கும் பொருந்தும். கொழும்புக்குக் கேரளாவைப் போலத் தென்மேற்குப் பருவமழை உண்டு. யாழ்ப்பாணத்துக்கு நம் காவிரிக் கரையோரம் போல அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெரிய மழை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக்கல் தரை, கிணற்று நீர், பனைமரம். ராமநாதபுரத்துக்காரர் அங்கே இறங்கினால் அந்நியமாக உணர மாட்டார், கண்டியில் இறங்கினால்தான் உணர்வார். 2008 நவம்பரில் வந்த நிஷா புயல் யாழ்ப்பாணத்தையும் தஞ்சை டெல்டாவையும் சேர்த்தே மூழ்கடித்தது. வானிலைக்கு அவை இரண்டும் ஒரே பகுதி.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இப்படிப்பட்ட எண்ணங்கள் நிறைய. தெற்கே போகப் போக வெயில் கூடும் என்பது அவற்றில் ஒன்று. மே மாதத்தில் வேலூரும் திருத்தணியும் 40-ஐத் தாண்டிக் கொதிக்கும்போது, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த குமரி அந்த அளவுக்குப் போவதில்லை. தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை மட்டும்தான் என்பது இன்னொன்று. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அதிலிருந்து வருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்கு தென்மேற்கிலிருந்து வருகிறது. குற்றாலத்தில் சீசன் களைகட்டுவதும் வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு நனைந்து கிடப்பதும் ஜூன், ஜூலையில்தான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஓர் உதாரணம். டொரோண்டோ, லண்டன் இரண்டு இடத்திலும் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்களில் எது வடக்கே என்று கேளுங்கள். பனியை நினைத்து டொரோண்டோ என்பார்கள். டொரோண்டோ 43.65 பாகை, லண்டன் 51.5. லண்டன் 870 கிலோமீட்டர் அளவுக்கு அதிக வடக்கில் இருக்கிறது. டொரோண்டோ பாரிசுக்கும் தெற்கே, பிரான்சின் மத்தியதரைக் கடற்கரைக்குச் சமமான அட்சத்தில் உள்ளது. லண்டனுக்கு மேற்குக் காற்று அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பைக் கொண்டு வருகிறது. டொரோண்டோவுக்கு மேற்கேயும் வடக்கேயும் உறைந்த கண்டம். சந்தேகம் என்றால் டிசம்பர் கடைசியில் இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு எத்தனை மணிக்கு இருட்டியது என்று கேளுங்கள். லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்திருக்கும், டொரோண்டோவில் அதன்பிறகும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் இருக்கும்.

உங்கள் நண்பரிடம் பேசும்போது ஒரு எச்சரிக்கை. அவர் சொன்னது யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும், பருத்தித்துறைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் (ஏறத்தாழ 360). இதை வைத்துக்கொண்டு "மதுரையைவிட இலங்கை கிட்ட" என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. சென்னையிலிருந்து கொழும்பு 680 கிலோமீட்டர், கன்னியாகுமரியைவிட ஐம்பது கிலோமீட்டர் அதிகம். இன்னொன்று, சாலைத் தூரத்தோடு நேர்கோட்டுத் தூரத்தைக் கலக்கக் கூடாது. மதுரைக்குச் சாலையில் போனால் 460 ஆகும், அதை யாழ்ப்பாணத்தின் 380-க்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். நேர்கோட்டில் இரண்டுக்கும் இருப்பது நாற்பது கிலோமீட்டர் வித்தியாசம்தான், அது உங்கள் நண்பர் பக்கம் இருக்கிறது.